ஐடிஇ அனுபவத்தோடு கலிபோர்னியாவில் சான்சலர் வரை ஏற முடியுமா?

சிமெய்க்காரன்:
சிங்கப்பூரின் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) கிழக்குக் கல்லூரியில் மூத்த விரிவுரையாளர், பொறியியல் முதுகலை, மூன்றாண்டு பாடப்பிரிவுப் பொறுப்பு. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலிஸ் போகிறோம். அங்கே சமூகக் கல்லூரிகளில் (ஈராண்டு அரசுக் கல்லூரிகள்) வேலைக்குச் சேர்ந்து மேலே போக வழி என்ன? இங்கே சேர்த்த அனுபவம் அங்கே எடுபடுமா?

கோப்பி_ஓ_கொசோங்:
எடுபடும். டீன் போன்ற கல்வி நிர்வாகப் பதவிகளுக்கு அந்த மாநில விதி கேட்பது இரண்டுதான்: முதுகலைப் பட்டம், பொறுப்புக்குப் பொருந்தும் ஓராண்டுத் தலைமை அனுபவம். சிக்கல் காகிதத்தில். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அவர்கள் ஏற்கிற நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு வாங்கி இணைக்க வேண்டும். அது இல்லையென்றால் முதல் சல்லடையிலேயே விண்ணப்பம் போய்விடும்.

ஏணி இப்படி: டீன், கல்விப் பிரிவுத் துணைத் தலைவர், கல்லூரித் தலைவர், பிறகு பல கல்லூரிகள் உள்ள மாவட்டத்தின் சான்சலர். இங்கே மாவட்டம் என்றால் சமூகக் கல்லூரி மாவட்டம்; லாஸ் ஏஞ்சலிஸ் சமூகக் கல்லூரி மாவட்டத்தில் மட்டும் 9 கல்லூரிகள். மாநிலம் முழுவதற்கும், அதாவது 116 கல்லூரிகளுக்கு, வேறொரு சான்சலர் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முனைவர் பட்டம் ‘விரும்பத்தக்கது’ என்றுதான் விளம்பரத்தில் இருக்கும். கல்லூரித் தலைவர் பதவிக்கு மேலே அதைக் ‘கட்டாயம்’ என்றே படியுங்கள்.

இன்னொன்று, நைட்டெக், ஹையர் நைட்டெக் என்று ஐடிஇ சான்றிதழ்ப் பெயர்களை எழுதினால் தேர்வுக் குழுவுக்கு ஒன்றும் புரியாது. எத்தனை மாணவர், எத்தனை விரிவுரையாளர், எவ்வளவு பட்ஜெட் என்று எண்ணில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மேலே போகிறவர்கள் தடுக்கி விழுவது பணக் கணக்கில்தான். அங்கே மாணவரைத் தலை எண்ணிப் பணம் தருவதில்லை. 525 வகுப்பு மணி நேரம் சேர்ந்தால் ஒரு ‘முழுநேர மாணவர்’. வாரம் 3 மணி நேர வகுப்பு, 40 பேர், வழக்கமான பருவத்துக்கான பெருக்கெண் 17.5 என்றால் 2,100 மணி. 525ஆல் வகுத்தால் 4.

இந்த 40ஐ எண்ணுவது பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கடந்த நாளில். அதற்கு முன் 10 பேர் நின்றுவிட்டால் 4 என்பது 3 ஆகிவிடும். விரிவுரையாளர் சம்பளமோ அதே. ஆகவே முதல் மூன்று வாரம் வராத மாணவரைத் தேடிப் பிடிப்பது டீனின் வேலை. நேர்முகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. 2018-19 முதல் உதவித்தொகை பெறுவோர், பட்டம் முடிப்போர் எண்ணிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு, என்றாலும் பெரும்பங்கு இன்னும் சேர்க்கைக்கே.

அடுத்தது ஐம்பது விழுக்காட்டுச் சட்டம். மாவட்டத்தின் நடைமுறைக் கல்விச் செலவில் பாதியாவது வகுப்பில் நிற்கும் ஆசிரியர் சம்பளமாக இருக்க வேண்டும். ஆலோசகரும் நூலகரும் அந்தப் பாதியில் சேரமாட்டார்கள். இங்குள்ள பழக்கத்தில் “மாணவர் ஆதரவுக்குப் பத்துப் பேரை எடுப்போம்” என்று சொல்லிவிடாதீர்கள், நிதிப் பிரிவு முகம் சுளிக்கும்.

அங்_மோ_கியோ_அக்கா:
தம்பி, எனக்குப் பெரிதாகப் படுவது கல்லூரி மாவட்டத்தை ஆளும் வாரியம். ஐடிஇ கல்வி அமைச்சின் கீழுள்ள ஆணைபெற்ற கழகம். 1981இல் முந்தைய தொழிற்பயிற்சி வாரியத்துக்குத் தலைமையேற்ற டாக்டர் லா சோங் செங், 1992இல் அது ஐடிஇ ஆன பிறகும் தொடர்ந்து 2007 வரை இருந்தார். சிதறிக் கிடந்த வளாகங்களை மூன்று பெரிய கல்லூரிகளாக்கும் திட்டத்துக்கு அந்த நிலைத்தன்மை தேவைப்பட்டது. 2005இல் சிமெய், 2010இல் சுவா சூ காங், 2013இல் அங் மோ கியோ.

கலிபோர்னியாவில் மாவட்ட வாரியத்தை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகியின் ஒப்பந்தம் நான்காண்டுக்கு மேல் போகாது. நான்குக்கு மூன்று என்ற வாக்கில் நியமனம் பெற்றவர், அடுத்த தேர்தலில் ஒரு நாற்காலி மாறினாலே ஆட்டம் காண்பார். போதாததற்கு, 1988 சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்ட விஷயத்தில் ஆசிரியர் பேரவையைக் கலந்தாலோசிக்காமல் எதுவும் நகராது. இங்கேபோல் மேலிருந்து சுற்றறிக்கை அனுப்பி முடிக்க முடியாது.

சிமெய்க்காரன்:
நன்றி அக்கா. எந்த வாரியம் எப்படி என்று இங்கிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?

அங்_மோ_கியோ_அக்கா:
முடியும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சிநிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம். கடைசி ஓராண்டுக் குறிப்புகளை இறக்கி, எந்தெந்தத் தீர்மானத்தில் வாக்கு பிளந்தது என்று மட்டும் பாருங்கள். சில மாவட்டங்கள் நேரலையும் போடுகின்றன. அங்கே மாலை 6 என்றால் நமக்கு மறுநாள் காலை 9, குளிர்காலத்தில் 10.