புதுப்பிப்பு: துருப்பிடித்த இழைப்புளி சீவத் தொடங்கிவிட்டது

போன மாதம் பெயர் தெரியாத பழைய இரும்பு இழைப்புளியின் (மரம் சீவும் கருவி) படத்தைப் போட்டு, இது தேறுமா என்று கேட்டிருந்தேன். தேறிவிட்டது!

அலகை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, சமையல் சோடா கலந்த நீரில் கழுவியதும் முத்திரை தெரிந்தது: ஸ்டான்லி ஹேண்டிமேன். ஸ்டான்லி என்ற கருவி நிறுவனத்தின் மலிவு வரிசை.

அடிப்பகுதியைச் சமன் செய்யத்தான் நேரம் பிடித்தது. கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி, அடியில் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தேன். கோடு அழியாத இடம் இன்னும் பள்ளம் என்று அர்த்தம். அலகை உள்ளே இழுத்து வைத்தாலும், இறுக்கிய நிலையிலேயே தேய்க்க வேண்டும். கழற்றிவிட்டால் இரும்பின் வளைவு லேசாக மாறும். வாய்க்கு, அதாவது அலகு வெளியே நீட்டும் துளைக்கு, முன்னால் இருந்த கோடு லேசில் அழியவில்லை. விடவில்லை நான். அந்த இடம் படிந்தால்தான் மரநார் பெயராது.

அப்புறம், சீவும்போது அலகில் வந்த அதிர்வு. அலகு உட்காரும் சாய்வில் யாரோ பெயிண்ட் பூசியிருந்தார்கள். சுரண்டியதும் அலகு முழுதாகப் படிந்தது, அதிர்வு நின்றது. அலகை 25 பாகையில் தீட்டினேன்.

நேற்று வந்த சீவலை விரல்மேல் வைத்தேன், ரேகை தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்! விரிசல் விட்ட கைப்பிடி மட்டும் பாக்கி. அதை மரத்தில் புதிதாகச் செதுக்கப் போகிறேன்.