‘அறிக்கையை வெளியிடு’ என்பதற்கு மாற்று உண்டா?

மொழிபெயர்ப்பாளர்:
குழு அன்பர்களுக்கு வணக்கம். நிறுவனத் தரவுத்தளத்தில் உள்ள விற்பனை, கையிருப்பு, நிலுவை விவரங்களைத் தொகுத்து, தனி மென்பொருள் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே பார்க்க உதவும் செயலி ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘பப்ளிஷ் ரிப்போர்ட்’ என்னும் பொத்தானுக்கு ‘அறிக்கையை வெளியிடு’ என்று எழுதினால், நாளிதழ் படிப்பவருக்குக் கட்சித் தலைவர்களின் நினைவுதான் வரும். தவிர, வெளியிட்டது எல்லாருக்கும் உரியது. இங்கோ அனுமதி பெற்ற பயனர் மட்டுமே பார்க்கலாம். தகுந்த சொல் தந்து உதவுங்கள்.

தமிழாசிரியர்:
‘வெளியிடு’ மட்டுமா சிக்கல்? ‘வாழ்க்கை’, ‘சேர்க்கை’ போல ‘அறிக்கை’யும் தன்வினையடியாகப் பிறந்தது; அறிதலே அதன் நேர்ப்பொருள். பிறருக்குத் தெரிவிப்பதைக் குறிக்கப் பிறவினையிலிருந்து ‘அறிவிக்கை’ என்றே அமைந்திருக்க வேண்டும். ‘வெளியிடு’ இருக்கும் இடத்தில் ‘வழங்கு’ வரட்டும். பழம்பாடல்களில் ‘வழங்குதல்’ நடமாடுதலையும் குறித்தது, ‘உலாவுதல்’ குறிப்பதும் அதையே. ‘வழக்கு’ம் அந்த வேரில் கிளைத்ததுதான். வழங்கி (சர்வர்) அனுப்ப உலாவி பெறும் இந்த ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருந்தும் வினை கிடைக்காது. ‘அறிவிக்கை வழங்கல்’ என்பது என் பரிந்துரை.

நிரலர்:
அம்மா, ‘வழங்கு’ மிகப் பொருத்தம். ‘அறிவிக்கை’யோ கைப்பேசியில் ஒலியெழுப்பி வரும் செய்திக்கு வழங்கிவருகிறது; அதை மீட்க முடியாது. சொல்லின் வேரைவிட என்னை உறுத்துவது வேறொன்று. எந்த வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, ஓட்டுவது, எந்தப் பத்தியை எங்கே வைப்பது என்று நாங்கள் எழுதிவைக்கும் வடிவத்துக்கும் ‘ரிப்போர்ட்’ என்றே பெயர். அதை ஓட்டினால் கிடைக்கும் பக்கங்களுக்கும் அதே பெயர். பயனர் தேதி வரம்பைக் கொடுத்துச் சொடுக்கியதும் வழங்கி தரவுத்தளத்தை வினவி, விடையைப் பக்கங்களாக்கி அனுப்புகிறது. வினவல் கனமானதாக இருந்தால் இரவிலேயே ஓட்டிச் சேமித்துவைத்து, காலையில் அதையே காட்டுகிறோம். இரண்டையும் வெறும் ‘அறிக்கை’ என்றால், நேற்றிரவுக் கையிருப்பை இப்போதைய கையிருப்பாக எண்ணி ஒருவர் கொள்முதல் ஆணையே போட்டுவிடலாம். ஆகவே ‘அறிக்கை வார்ப்புரு’, ‘நடப்பு அறிக்கை’, ‘சேமித்த அறிக்கை’ என மூன்றாகப் பிரிப்பதே முதல் தேவை.

பயிற்றுநர்:
என் வகுப்புக்கு வரும் கணக்கர்கள் ‘ரிப்போர்ட்’ என்றுதான் கேட்கிறார்கள். ‘அறிக்கை’ என்றால் ஒரு கணம் தயங்குகிறார்கள். திசைச்சொல்லுக்கு இலக்கணத்திலேயே இடமளித்த மொழிக்கு இந்த ஒரு சொல் பாரமா?

தமிழாசிரியர்:
திசைச்சொல்லுக்கு இடமளித்த இலக்கணம் இயற்சொல்லை அதற்கு முன்னே வைத்தது. கணக்கர் தயங்குவது சொல் கடினமானது என்பதால் அன்று, அதைத் திரையில் அவர் கண்டதில்லை என்பதால். ‘உலாவி’யும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. நாமே எழுதாவிட்டால் அவர் எங்கே காண்பார்?

பயிற்றுநர்:
ஏற்கிறேன் அம்மா. ஆனால், முதல் நாள் வகுப்பில் அந்தத் தயக்கத்தை எதிர்கொள்பவள் நான். உதவிப் பக்கத்தில் ஒருமுறையாவது ‘ரிப்போர்ட்’ வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. ‘உலாவியில் அறிக்கை வழங்கு’ என்று போட்டுப் பார்த்தேன். பொத்தானின் அகலம் போதாமல் ‘வழங்கு’ கீழ்வரிக்கு இறங்கிவிட்டது. எனவே பொத்தானில் ‘அறிக்கை வழங்கு’ என்று மட்டும் இருக்கும். நிரலரின் மூன்று பெயர்களையும் எடுத்துக்கொள்கிறேன். ‘சேமித்த அறிக்கை’க்குப் பக்கத்தில் அது உருவான தேதியும் நேரமும் தெரியும். ‘ரிப்போர்ட்’ உதவிப் பக்கத்தின் முதல் வரியில் வரும்.

தமிழாசிரியர்:
‘வழங்கு’ நிலைத்ததில் மகிழ்ச்சி. ‘அறிக்கை’யை மட்டும் நான் ஒப்பவில்லை. குழுவின் சொற்பட்டியலில் ‘அறிவிக்கை’யும் மாற்றுக் கருத்தாக இடம்பெறட்டும்.

நிரலர்:
பட்டியலில் சேர்த்துவிட்டேன், அம்மா.