ஜார்க்கண்ட் குடும்பத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம்: சொந்த ஊர்ப் பங்குக் கடிதம் இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாதா?

சூரமங்கலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) நான் பங்குப் பேரவை உறுப்பினர். பங்கின் பேர் வேண்டாம். ரெண்டு வருசமா ஞாயிறு ரெண்டாம் பூசைக்கு ஜார்க்கண்ட் பிள்ளைங்க முப்பது நாற்பது பேர் வர்றாங்க. கட்டட வேலை, வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலைன்னு பல இடத்துல இருந்து வர்றாங்க. பெஞ்சு காலியா இருந்தாலும் உட்கார மாட்டாங்க. செருப்பு விடுற இடத்துல நின்னே பூசை பார்த்துட்டு, நன்மை (நற்கருணை) வாங்கிட்டுப் போயிடுவாங்க.

போன வாரம் ஒரு புருசன் பொண்டாட்டி கைக்குழந்தையோட பங்கு ஆபீசுக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டாங்க. குடும்ப அட்டை இருக்கா, கோயில் வரி கட்டியிருக்கா, சொந்த ஊர்ச் சாமியார் கடிதம் எங்கேன்னு ஆபீஸ்ல மூணு கேள்வி கேட்டாங்க. அவருக்குப் பாதி புரியல. அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம குழந்தையைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் படி இறங்கிடுச்சு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன். தூக்கம் வரல.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லுது? அடுத்த பேரவைக் கூட்டத்துல பேசணும். ஹிந்தியில தனிப் பூசை கேட்கலாமான்னும் ஒரு யோசனை இருக்கு.

சேனை அக்கா

தம்பி, எங்க பங்குல கன்னியர் மடத்துல ஜார்க்கண்ட் கும்லா பக்கத்து சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க. மரியாயின் சேனைங்கிற மாதா பக்திச் சபையில நாங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் பிள்ளைங்க தங்கியிருக்கிற ரூம்ல மாசம் ஒரு தடவை ஜெபமாலை சொல்றோம். முதல் தடவை போனப்ப பன்னெண்டு பேர் ஒரே ரூம்ல. பாயைச் சுருட்டி வெச்சு எங்களுக்கு இடம் விட்டாங்க. உங்க பக்கத்து மடத்துலயும் விசாரிச்சுப் பாருங்க, யாராவது இருப்பாங்க.

தறிக்காரர் மகன்

யாரும் கோவிச்சுக்காதீங்க. அவங்க கோயிலுக்கு வர்றதுக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா என் தம்பி வேலை பார்த்த இடத்துல, கம்மிக் கூலிக்கு ஆள் கிடைச்சதும் இவனை வரவேண்டாம்னுட்டாங்க. இதைப் பத்தி எந்தச் சாமியாரும் பிரசங்கத்துல பேசினதே இல்லை. அந்நியரை ஏற்றுக்கொள்ளுங்கன்னு மட்டும் எங்களுக்குச் சொல்றாங்க.

மலைப்பங்குச் சாமி

சூரமங்கலத்துத் தம்பிக்கு, முதலில் சட்டம். 1983ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 102ஆம் எண்ணைப் பாருங்கள். ஒருவர் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் வந்தாலோ, எந்த எண்ணமும் இல்லாமல் மூன்று மாதம் இருந்துவிட்டாலோ, அவருக்கு அங்கே தற்காலிக உறைவிடம் உண்டாகிவிடுகிறது. 107ஆம் எண்ணின்படி அந்தப் பங்குத்தந்தையே அவருக்கும் பங்குத்தந்தை. எங்குமே நிலையாகத் தங்காமல் ஊர் ஊராகப் போகிறவருக்கு, இன்றைக்கு எங்கே இருக்கிறாரோ அந்த ஊர்ச் சாமியார் பொறுப்பு. இதில் வரி என்ற பேச்சும் இல்லை, அட்டை என்ற பேச்சும் இல்லை. ரெண்டு வருசமாக நம் செருப்புகளுக்கு நடுவில் நிற்கிறவர்கள் ஏற்கெனவே நம் பங்கு மக்கள். அவர்கள் பெயரை ஏட்டில் எழுதாதது நாம்தான்.

சொந்த ஊர்க் கடிதம் இருந்தால் நல்லது. அதை அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் கேட்பதை விட, அங்குள்ள பங்குத்தந்தைக்கு நாமே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். கல்யாணம் என்றால் கதை வேறு. புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று வேண்டும், கோயிலில் கல்யாண அறிவிப்பு (ஓலை) வாசிக்க வேண்டும். குழந்தைக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். வாரத்தில் ஆறு நாள் மூட்டை சுமந்துவிட்டு ஏழாம் நாள் பூசைக்கு வந்து நிற்கிறார்களே, அதற்கு மேல் என்ன அத்தாட்சி கேட்பது?

நானும் சில வருசம் அந்நியனாக இருந்தவன். ஜெர்மனியில் பங்குப் பணிக்கு அனுப்பினார்கள். அங்கே கோயில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 சதவீதம். எல்லாம் கணக்கு, எல்லாம் காகிதம். முதல் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்து, "சாமி, நீங்கள் ஜெபித்தது புரிந்தது, பிரசங்கம் ஒன்றும் புரியவில்லை" என்றார். அறைக்குப் போய் அழுதேன். ஆனால் அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மாவே கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நற்செய்தியை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தப்பு வந்த இடத்தில் எல்லாம் விரலால் மேசையைத் தட்டினார். அந்த மொழியில் ஓர் எழுத்து நம் வாயில் வரவே வராது. 'ஊ' சொல்லுவதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல் என்று தன் வாயைக் குவித்துக் காட்டுவார். வருசம் முழுக்க எல்லா வியாழனும் வந்தார். ஏற்றுக்கொள்வது என்றால் என்னவென்று நான் கற்றது அந்த மேசையில்தான்.

அங்கே கெவலார் என்று ஒரு மாதா கோயில் உண்டு. போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். இந்துக்களும் வருவார்கள். மாதாவைப் பார்க்கப் போனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு காகிதப் படம், அவ்வளவுதான். 1641இல் ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்றுப் பிழைத்த ஒரு வியாபாரிக்கு, இங்கே எனக்கொரு சிறு கோயில் கட்டு என்று குரல் கேட்டதாக வரலாறு. வழிநடையாகப் பிழைத்தவன் கட்டிய இடத்தில் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் தமிழில் பாடுவதைக் கேட்டு நின்றபோது, மாதா இவர்களுக்காகத்தான் முன்னூறு வருசம் அங்கே காத்திருந்தாள் என்று தோன்றியது.

இப்போது ஏற்காட்டு மலையில் இருக்கிறேன். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வெளி மாநிலத்து ஆட்கள் வருகிறார்கள். போன அறுவடையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். ஏட்டில் தகப்பன் பெயரை எழுத உட்கார்ந்தார் எங்கள் கோயில் உபதேசியார் (மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்). "எக்கா" என்றார் அந்த மனிதர். "எது அக்காவா?" என்று இவர் திரும்பக் கேட்க, அவர் தரையில் குத்துக்காலிட்டு, கையை ஓடுபோல் கவிழ்த்து, அதற்குள்ளிருந்து பெருவிரலை மெல்ல வெளியே நீட்டிக் காட்டினார். ஆமை! அவர்கள் குலத்தின் பெயர் அது. ஜார்க்கண்டுப் பக்கத்துப் பழங்குடிகளான ஒராவோன் மக்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் உயிரினமோ செடியோ பெயராக இருக்கும். உபதேசியார் சிரித்துக்கொண்டே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அதன் பிறகு அந்த மனிதர் செருப்பு விடுகிற இடத்தில் நிற்பதில்லை. மூன்றாம் பெஞ்சு.

ஹிந்திப் பூசை பற்றி என் கருத்து: மாதம் ஒன்று வைக்கலாம், வாராவாரம் வேண்டாம். தனிப் பூசை நாளடைவில் தனிப் பங்காகிவிடும். தவிர, ஹிந்தி அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்து மொழி. வீட்டில் பேசுவது குடுக், சாத்ரி, முண்டாரி. உங்கள் ரெண்டாம் பூசையிலேயே காணிக்கைப் பாட்டை அவர்கள் பாடட்டும், ஒரு மன்றாட்டை அவர்கள் சொல்லட்டும். வாசலில் அவர்கள் வணக்கமான "ஜெய் யேசு"வை நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

தறிக்காரர் மகனுக்கு: தம்பி, நீங்கள் சொன்னது என்னைக் குத்தியது. குத்த வேண்டியதுதான். உங்கள் தம்பியை நிறுத்தியவர் கூலியைக் குறைத்தவர். வந்த பையனுக்கும் சேர வேண்டியது சேரவில்லை. அப்படிக் கூலி குறைக்கிறவர்கள் நம் கோயில்களில் முன் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், தேருக்கு நன்கொடையும் கொடுக்கிறார்கள். வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை வைத்து நான் ஒரு தடவையும் பிரசங்கம் செய்ததில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு புலம்பெயர்ந்தோர் ஞாயிறு. அன்றைக்குச் செய்கிறேன்.

பேரவையில் யாராவது "வெளியூர்க்காரங்க" என்று ஆரம்பித்தால் ஒன்றை நினைவுபடுத்துங்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் உண்டானபோது நம் முதல் ஆயரே பிரெஞ்சுக்காரர்.

குவைத் சேலத்தான்

சாமி, தோத்திரம். இங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயித்துக்கிழமை. லீவு அன்னைக்குத்தானே. தமிழ்ப் பூசையில நிக்க இடம் இருக்காது. முதல் வாரம் எனக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பாதி பிடிச்சுக் காட்டினவர் ஒரு தூத்துக்குடி அண்ணன். இன்னைக்கு வரைக்கும் அவர் பக்கத்துலதான் நிக்கிறேன்.

சூரமங்கலத்தான்

சாமி, உங்க பதிலை அச்செடுத்து எங்க பங்குச்சாமிகிட்ட குடுத்தேன். படிச்சுட்டு, "விலாசம் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டார். ஜங்ஷன் பின்பக்கம் ஒரு லைன் வீட்டுல இருக்காங்க. சாயங்காலம் நானும் வீட்டம்மாவும் போனோம். அவர் இன்னும் வேலை விட்டு வரல. அந்தப் பொண்ணு எங்களைப் பார்த்ததும் பயந்துடுச்சு, காகிதம் ஏதோ கேட்க வந்தோம்னு. தன்பாத் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போய்க் கடிதம் வாங்கிட்டு வர்றதுக்காகக் காசு சேர்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. வேண்டாம்மான்னு கையாலயே சொன்னோம். பால் இல்லாத டீ போட்டுக் குடுத்துச்சு.

ஞானத்தாய் யாருன்னு கேட்டதுக்கு, இங்க யாரையும் தெரியாதுன்னு தலையை ஆட்டுச்சு. வீட்டம்மா குழந்தையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. இப்ப வீட்டம்மா ஞானத்தாயா நிக்கிறதுக்காக அவங்களோட உறுதிபூசுதல் சர்டிபிகேட்டைத் தேடிக்கிட்டு இருக்கோம். ஆத்தூர்ல மாமியார் வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்காம்.