நுரைநீக்கியா, நுரைமுறியா?

நண்பர்களே,

எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்டுக் குழம்பில் நுரையை அடக்கச் சேர்க்கும் மருந்துக்கு ‘நுரைநீக்கி’ என்ற ஒரே சொல் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கிணற்றில் எஃகுக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இறக்கும் குழம்பில் சிமெண்டும் நீரும் மட்டுமா இருக்கின்றன? இளக்குவதற்கு லிக்னோசல்ஃபோனேட், நீரிழப்பைக் குறைக்கப் பாலிமர், சில வேளை லேட்டக்ஸ் என்ற ரப்பர்ப்பால். இவற்றில் பலவும் நுரையை வளர்ப்பவை. ஆய்வகக் கலப்பானில் நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் 35 விநாடி ஓட்டினாலே நுரை பொங்கி மேலே வந்துவிடும். காற்றேறிய குழம்பைச் சாதாரணத் தராசில் வைத்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சிமெண்டைக் கூட்டினால் வினைதான். ஆழத்தில் அழுத்தம் காற்றைச் சுருக்கிவிட, குழம்பு திட்டமிட்டதைவிடக் கனமாகும். பலவீனமான பாறை பிளந்து குழம்பைக் குடித்துவிடவும் கூடும். குழம்பை அழுத்தி, காற்றைச் சுருக்கி எடைபார்க்கும் அழுத்தத் தராசு வைத்திருப்பது இதற்காகத்தான். மேலே பம்பு காற்றை இழுத்துத் திணறுவது தனிக்கதை.

சரி, சொல்லுக்கு வருவோம். பெரும்பாலும் இந்த மருந்தைக் கலக்கும் நீரிலேயே முன்கூட்டி ஊற்றிவிடுகிறார்கள். நீக்குவதற்கு அப்போது நுரையே கிடையாது. அது ‘நுரைத்தடுப்பி’. நுரைத்துவிட்ட குழம்பில் பிற்பாடு விடுவது வேறு வேலை. சிலிக்கோன் எண்ணெய்த் துளி குமிழின் சவ்வுக்குள் புகுந்து பரவுகிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். இந்த எண்ணெய்க்கோ ஏறக்குறைய 21தான், அதனால் எளிதில் பரவுகிறது. துளி பரவிய இடத்தில் சவ்வு மெலிந்து கிழிய, குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலேறி உடைகின்றன. ‘நஞ்சுமுறி’ நம் வழக்கில் இருக்கிறதே, அந்த வழியில் இதை ‘நுரைமுறி’ எனலாம். ‘நுரைகொல்லி’யில் பூச்சிமருந்து வாடை அடிக்கிறது, வேண்டாம்.

பாலிபுரோப்பிலீன் கிளைக்கால் போன்ற ஒரே பொருள் இரண்டு வேலைக்கும் வருகிறதே என்று கேட்கலாம். வரட்டும். எப்போது சேர்க்கிறோம் என்பதை வைத்துத்தான் பெயர். பிரிக்கத் தேவையில்லாத இடங்களில் ‘நுரையடக்கி’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கூடவே, ‘சேர்மம்’ வேதியியலில் வேறு பொருளில் (compound) நிலைத்துவிட்டதால், குழம்பில் சேர்க்கும் இம்மருந்துகளைச் ‘சேர்மானம்’ என்றே எழுதுவோம்.

அப்புறம், நைட்ரஜன் ஊட்டி வேண்டுமென்றே நுரைக்கவைக்கும் எடை குறைந்த சிமெண்டும் உண்டு. நுரைமுறி அங்கே கலந்துவிட்டால் வேலையே கெடும். அந்த நுரை கலையாமல் தாங்கிப்பிடிக்கும் சேர்மானத்துக்கு ‘நுரைநிலைப்பி’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.