குன்னூர் வீட்டு முன்னாடி சைப்ரஸ் வேலியா, பூச்செடியா?

புதுவீட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல 6 சென்ட்ல வீடு கட்டி முடிச்சாச்சு, முன்பக்கம் சரிவா ஒரு 30 அடி சும்மா கிடக்கு. ரோட்டுல போறவங்க பார்வை படாம இருக்க வேலியோரமா சைப்ரஸ், அதுக்கு கீழ ஒரு தடவ வச்சா வருஷா வருஷம் பூக்குற செடி ஏதாவதுன்னு நினைக்கிறேன். நர்சரில 3 அடிக்கு ஒண்ணுன்னு 10 கன்னு வைக்க சொல்றாங்க, சரிதானா?

தேயிலைக்காடு:
எந்த சைப்ரஸ்னு கேட்டீங்களா தம்பி? நம்ம மலைல பழைய பங்களா ஓரமெல்லாம் பெருசு பெருசா நிக்குறது மான்டரே சைப்ரஸ். கலிஃபோர்னியா கடலோரத்து மரம், சொந்த ஊர்ல உப்புக்காத்துல கூனிப்போய் நிக்கும், இங்க வந்து வானத்துக்கு வளர்ந்துடுச்சு. அத 6 சென்ட்ல 10 வச்சா பத்து வருஷத்துல வீட்டுக்குள்ள பகல்லயே லைட் போடணும்.

பைன்பிரியன்:
வளர விட்டாதான சார் அந்த பேச்சு. ஊட்டில என் வீட்டு வேலி அதே சைப்ரஸ்தான், வருஷம் ரெண்டு தடவ கத்திரி போடுறேன், 15 வருஷமா 6 அடி தாண்டல. பூச்செடிய நம்பி இறங்குனா ஜனவரி உறைபனில ஒரே ராத்திரில எல்லாம் கருகும். ஃப்யூஷியா, ஜெரேனியம்னு ஆசையா வச்சு நானே ரெண்டு தடவ அழுதிருக்கேன்.

தேயிலைக்காடு:
நீங்க தவறாம வெட்டுறீங்க, எல்லாரும் வெட்டுவாங்களா? ரெண்டு வருஷம் விட்டுட்டு அப்புறம் உள்ள காஞ்ச கட்ட வரைக்கும் வெட்டுனா அந்த இடம் திரும்ப துளிர்க்கவே துளிர்க்காது, சைப்ரஸோட குணம் அது, செம்பருத்தி மாதிரி கிடையாது. வேலில ஓட்டை ஓட்டையா பழுப்பா நிக்கும்.

நீலப்பூ அக்கா:
பைன்பிரியன் சார், உங்க வீடு பள்ளத்துலன்னு நீங்களே முன்னாடி எழுதிருந்தீங்க, குளிர்காத்து இறங்கி தேங்குற இடம் அது. குன்னூர் ஊட்டிய விட கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழ, அதுலயும் தம்பி இடம் சரிவு, பனி அவ்வளவா தங்காது. தம்பி, ஹைட்ரேஞ்சியா வைங்க, குச்சி நானே தரேன் காசு வேணாம். நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, அதனாலதான் பூ அப்படி நீலமா வருது. ஒண்ணு மட்டும், புது காம்பவுண்டு சுவத்த ஒட்டி வைக்காதீங்க, சிமென்ட்ல இருந்து சுண்ணாம்பு இறங்கி எனக்கு ஒரு வரிசை மட்டும் ரோஸ் ஆயிடுச்சு, நான் என்னமோ வேற செடின்னு ஒரு வருஷம் குழம்பிட்டு இருந்தேன் 😄 சரிவுல அகபாந்தஸ் போடுங்க, கிழங்கு வேரு கொத்தா பின்னி மண்ண பிடிச்சுக்கும்.

பைன்பிரியன்:
மண்ண பிடிக்க மரத்த விட என்ன இருக்கு? அப்புறம் காட்டுமாட்ட மறந்துட்டீங்களேக்கா. குன்னூர்ல ராத்திரி கேட்ட தள்ளிட்டு வருது, உங்க நீலப்பூ மேல ஒரு தடவ நடந்தா முடிஞ்சுது.

தேயிலைக்காடு:
மரம் பிடிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா வெட்டுன சரிவுல, தடுப்புச்சுவர் தலைல வச்சா வேர் ஒரு பக்கம்தான் ஓடும், மழைல ஊறுன மண்ணுல அந்த கனத்துக்கு காத்தடிச்சா அப்படியே சாயும். 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்களுக்கு இத நான் சொல்லணும்னு இல்ல. பச்சையா ஊசியிலை வேணும்னா துஜா போதும், மெதுவா வளரும், சின்னதா அடங்கி நிக்கும். காட்டுமாட்டுக்கு உங்க சைப்ரஸ் கன்னு மட்டும் என்ன இரும்பா சார்?

புதுவீட்டுக்காரன்:
சரி முடிவு பண்ணிட்டேன், மூலைக்கு ஒரு துஜா, சரிவுல அகபாந்தஸ், சுவத்துல இருந்து 4 அடி தள்ளி ஹைட்ரேஞ்சியா. பைன்பிரியன் அண்ணா கோச்சுக்காதீங்க. அக்கா குச்சி எப்ப வாங்க வரட்டும்?

நீலப்பூ அக்கா:
ஜூன்ல மழை பிடிச்சதும் வாங்க. சாக்கு ஒண்ணு நனைச்சு எடுத்துட்டு வாங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம்.

பைன்பிரியன்:
கோவமெல்லாம் இல்ல தம்பி. மாடு வந்தா போட்டோ மட்டும் போடுங்க.