அவிஞோன்: ஒரே நாளில் அரண்மனை, பாலம், அக்கரை. வரிசை சரியா?

வணக்கம். பிப்ரவரியில் தெற்கு பிரான்சின் அவிஞோனில் ஒரு நாள், காலை 9 முதல் மாலை 6 வரை. உடன் வரும் இரு பெரியவர்களுக்கு மூட்டுவலி. போய்வந்தவர்கள் திருத்திச் சொல்லுங்கள்.

பாரிசிலிருந்து வரும் அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே உள்ள டிஜிவி நிலையத்தில்தான் நிற்கின்றன. அங்கிருந்து மதிலை ஒட்டிய சாந்த்ர் நிலையத்துக்கு இணைப்பு ரயில், சுமார் 5 நிமிடம். இரண்டும் வேறு வேறு நிலையங்கள். திரும்பும் டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் விட்டால் ரயில் போய்விடும்.

முதலில் போப்பாண்டவர் அரண்மனை. 1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமை விட்டு இந்த ஊரில்தான் இருந்தார்கள். அரண்மனையின் மான் அறையில் உள்ள வேட்டைச் சுவரோவியங்களை அவசரமாகப் பார்க்கக் கூடாது. அதனால் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் உள்ளே படிகள் ஏராளமாமே, இடையில் உட்கார இருக்கைகள் உண்டா? பாதியில் வெளியேற வழி இருக்கிறதா?

அடுத்து சேன் பெனெசே பாலம். 22 வளைவுகளில் 4 தான் மிச்சம். மிஸ்ட்ரல் காற்று அடிக்கும் நாளில் மேலே நடப்பது பெரியவர்களுக்குச் சிரமம். பாலத்தின் முழு வடிவமும் எப்படியும் எதிரேயுள்ள பார்த்தலாஸ் தீவிலிருந்து நன்றாகத் தெரியும். அந்தத் தீவுக்குப் போகும் இலவசப் படகு பிப்ரவரியில் ஓடுமா? இல்லையென்றால் தலாதியே பாலம் வழியாக நடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

சேன் பெனெசே பாலத்தை விட்டுவிடுவதானால் அரண்மனைக்கும் அதற்கும் சேர்த்த டிக்கெட் வீண். அதை முடிவுசெய்யவே இந்தக் கேள்விகள்.