வான்ஸ்டெட் மாளிகைக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஞாயிறு காலையில் கிழக்கு லண்டனின் வான்ஸ்டெட் பூங்காவில் நடப்பது என் வழக்கம். பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் புல் மூடிய பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மாளிகை நின்ற இடம் அது. 1715 வாக்கில் கட்டடக் கலைஞர் கோலன் கேம்பெல் வரைந்து கட்டியது. முகப்பு மட்டும் 260 அடி, நடுவில் ஆறு தூண் மண்டபம். யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் மாளிகை இதை முன்மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டதுதான். கடைசி வாரிசு கேத்தரின் டில்னி லாங், வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன் வில்லியமை 1812இல் மணந்தார். அந்த மனிதர் பத்தே ஆண்டில் கடனில் மூழ்கடித்துவிட்டார். 1822இல் வீட்டுச் சாமான்களை ஏலம் விட 32 நாள் பிடித்தது. அதுவும் போதாமல் 1824இல் கட்டடத்தையே இடித்தெடுக்க 10,000 பவுண்டுக்கு விற்றார்கள். கேத்தரின் அடுத்த ஆண்டே, 35 வயதில் இறந்துபோனார். அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. இப்படி ஒரு வேலைப்பாடு இனி வருமா?

தறிவீட்டுப்பிள்ளை:
எனக்குக் கனக்கவில்லை. 1673இல் அந்த இடத்தை வாங்கிய ஜோசையா சைல்டு யார்? கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர். கம்பெனி கப்பலேற்றிய சரக்கில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி முக்கியமானது. என் தாத்தா குழித்தறியில் உட்கார்ந்தே வாழ்ந்தவர். மிதித்து மிதித்துக் கடைசியில் முழங்காலை நீட்டவே முடியவில்லை. அந்த மாதிரிக் கால்கள் மிதித்த துணியில் வந்த லாபம் ஆறு தூணாக நின்றது, போய்விட்டது. போகட்டும்.

பழைய ஏடு:
கொஞ்சம் நிதானம். சைல்டு முதலில் போர்ட்ஸ்மத்தில் கடற்படைக்குச் சாமான் கொடுத்துப் பணம் பார்த்தவர். மாளிகையைக் கட்டியதும் அவர் இல்லை, மகன் ரிச்சர்ட். மனைவி வழியிலும் பெரிய சொத்து வந்தது. அப்பா செய்தது அக்ரூட் மரங்கள் நட்டதும் குளம் வெட்டியதும். 1683இல் போய்ப் பார்த்த ஜான் ஈவ்லின், வறண்ட இடத்தில் இத்தனை செலவா என்று நாட்குறிப்பில் குறைபட்டிருக்கிறார். அப்புறம், 1688இல் சென்னை மாநகராட்சி பிறந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே சைல்டுதான். மேயரோடு 12 ஆல்டர்மேன்கள் (மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள்), அதில் இந்து வணிகர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் கொள்ளை என்று ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

தறிவீட்டுப்பிள்ளை:
மாநகராட்சி எதற்கு வந்தது, ஏடு ஐயா? கம்பெனி நேரடியாக வரி கேட்டால் ஊர் எதிர்க்கிறது. ஊர்க்காரர்களே உட்கார்ந்து போட்டால் கட்டுவார்கள் என்ற கணக்கு. அதே சைல்டு காலத்தில்தான் 1686இல் ஔரங்கசீப்போடு போருக்குப் போய், தோற்று, 1,50,000 ரூபாய் அபராதம் கட்டி மன்னிப்புக் கேட்டார்கள். மகன் கட்டினான் என்பதால் காசின் ஊற்று மாறிவிடாது.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஊற்றை நான் மறுக்கவில்லை. இடித்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். நெசவாளிக்கு ஒரு காசு வந்ததா? எல்லாம் கடன்காரர்களுக்குப் போனது. அந்த வீட்டுக்குள் ஓவியர் ஹோகார்த் வரைந்த குடும்பக் கூட்டம் இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. வீடு நின்றிருந்தால் உங்கள் தாத்தா கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? இப்போது பள்ளத்தைக் காட்டி என் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? சைல்டு மட்டும் புனித மேரி தேவாலயத்தில் ரோமானிய உடையில் சிலையாக நிற்கிறார்.

பழைய ஏடு:
இன்னொன்று. 1894இல் வந்த மரண வரி (இறந்தவர் சொத்தின் மேல் போட்ட வரி), போர்கள், ஆள் பற்றாக்குறை என்று இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நூற்றுக்கணக்கான மாளிகைகளை இழந்தது. 1974இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதற்கென்றே கண்காட்சி வைத்தது. வான்ஸ்டெட் அந்தக் கணக்கில் வராது. ஒரே ஆளின் ஊதாரித்தனம். 1827இல் நீதிபதி எல்டன் பிரபு, கேத்தரினின் கணவர் வில்லியமிடமிருந்து பிள்ளைகளின் பொறுப்பையே பறித்தார். தகப்பன் உரிமைக்கு எல்லை உண்டு என்பதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய முன்னுதாரணம்.

தறிவீட்டுப்பிள்ளை:
கேத்தரினுக்காக வருந்தச் சொன்னால் வருந்துகிறேன், அது வேறு. வீடு நின்றிருந்தால் துணியின் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்பதைத்தான் நம்ப மாட்டேன். நின்றிருக்கும் மாளிகைகளில் எத்தனை காலம் சரவிளக்கையும் கூரை ஓவியத்தையும் மட்டுமே காட்டினார்கள்! அந்த நிலம் 1882இலிருந்து பொதுமக்கள் பூங்கா. நீங்கள் காசு கொடுக்காமல் நடக்கிறீர்கள். எனக்கு அதுவே சரி.

ஈஸ்ட்ஹாம்வாசி:
நடக்கிறேன், உண்மைதான். ஏரிக்கரையில் பாதி இடிந்த செயற்கைக் குகை ஒன்று மிச்சம் இருக்கிறது, 1884 தீயில் போனது. ஏப்ரலில் மரத்தடி முழுக்க நீலமணிப் பூ. இருந்தாலும் அந்தப் பள்ளத்தருகே, எந்தக் கரையின் துணி என்று ஒரு வரியாவது எழுதிப் பலகை வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதப் போகிறேன். வாசகத்தை நீங்கள் எழுதித் தருகிறீர்களா?

தறிவீட்டுப்பிள்ளை:
தருகிறேன். குழித்தறி என்ற சொல் அதில் இருக்க வேண்டும்.